தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது: இரும்பா, ஃபேனா, ஜன்னலா?

வேலூர் காந்தி ரோடு பக்கம் நாலு மாடியில் லாட்ஜ் கட்டப்போகும் என் சின்ன மாமா கேட்டார்: "ஆபத்துக்கு இறங்க எந்தப் படிடா நல்லது? செலவையும் பார்த்துச் சொல்லு." அங்கே தங்குகிறவர்கள் பெரும்பாலும் சிகிச்சைக்காக வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வரும் குடும்பங்கள். புது ஊர், படிக்கத் தெரியாத போர்டு, கூடவே நடக்கமுடியாத நோயாளி. அவர்களை நினைத்துத்தான் பார்த்தேன்.

வெளிப்புற இரும்புப் படியில் புகை தேங்காது. அதற்குமேல் அதில் பெருமை இல்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்புப்படி 1.25 மீட்டர் அகலம் வேண்டும். மிதிபலகை 25 செ.மீ., ஒரு படியின் உயரம் 19 செ.மீ.க்குள். இடமில்லை என்று சுழல்படி வைத்தால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பக்கத்திலேயே அறை ஜன்னல் இருந்தால் தீ படிக்கே எட்டிவிடும். மே மாத வேலூர் வெயிலில் மத்தியானம் அந்தக் கைப்பிடியைத் தொட்டவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டாம்.

மூடிய படிக்கூண்டுக்குள் ஃபேன் வைத்து 50 பாஸ்கல் அளவு அழுத்தம் ஏற்றினால் புகை உள்ளே நுழையத் திணறும். உயரமான கட்டிடத்துக்குச் சரி. இங்கே? ஜெனரேட்டர் லைன், அவ்வப்போது ஓட்டிப் பார்க்க ஆள். மாமாவின் பழைய லாட்ஜில் லிஃப்ட் நின்றாலே மூன்று நாள் கிடக்கும்.

என் ஓட்டு, வெளிச்சுவரை ஒட்டிய படிக்கு. லேண்டிங்குக்கு லேண்டிங் ஜன்னலோ சிமெண்ட் ஜாலியோ இருந்தால், பகலில் கரண்ட் போனாலும் கால் வைக்கும் இடம் தெரியும். மேலே ஹெட்ரூமிலும், அதாவது படி மொட்டைமாடியில் முடியும் கூரைக்கூண்டிலும், திறப்பு விடவேண்டும்; இல்லாவிட்டால் சூடான புகை உச்சியில் முட்டி, மேலிருந்து கீழாக நிரம்பும். கெடுப்பது ஓடிஎஸ்தான், அதாவது கட்டிடத்துக்குள் வானம் பார்த்தபடி விடும் திறந்த குழி. தெருப்பக்கம் இடம் மிச்சமாகட்டும் என்று படி ஜன்னலை அந்தக் குழிக்குள் திருப்பிவிடுகிறார்கள். கிச்சன் எக்ஸாஸ்டும் அங்கேதான் திறக்கிறது. காற்றுக்கு வைத்த ஜன்னல் புகைக்கு வழியாகிவிடும். வராந்தாவுக்கும் படிக்கும் நடுவே தானாகச் சாத்திக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவும் வேண்டும். அதற்கு முட்டுக் கல் வைக்காத ரூம்பாய் இன்னும் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னது அவருடைய பழைய லாட்ஜின் மாடிப்படியில் நின்றுகொண்டுதான். படிக்கு அடியில் ஈபி மீட்டர் போர்டு, அதில் சாய்த்து ஏழெட்டுப் பஞ்சு மெத்தை, முன்னால் இரண்டு பைக். மாமா கொஞ்ச நேரம் மெத்தைகளையே பார்த்தார். "மீட்டரை மாத்த ஈபியில எழுதிக் குடுக்கணுமா?" என்றார்.