சேலம் விமானம்: சென்னைக்கு வேண்டாம், சென்னையைத் தாண்டினால் ஏறலாம்

சேலத்திலிருந்து சென்னைக்கு மட்டும் போகிறவருக்கு இண்டிகோ விமானத்தால் நேரம் மிச்சமாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அஸ்தம்பட்டியில் வீடு என்று வைத்துக்கொண்டால் கருப்பூர் டோல்கேட், ஓமலூர் தாண்டிக் கமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையம் சேர 40 நிமிடம். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவதால் 75 நிமிடம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்து வெளியே வர 20 நிமிடம், மெட்ரோ பிடித்து சென்ட்ரல் சேர இன்னொரு 45. ஆக, நான்கு மணி நேரம். கோவையிலிருந்து காலையில் வரும் வந்தே பாரத்தில் சேலம் ஜங்ஷனில் ஏறினால் ஏறத்தாழ அதே நேரத்தில் சென்ட்ரலில் இறங்கலாம். அதில் பெட்டிக்கு 15 கிலோ கணக்கு இல்லை, எக்ஸ்ரே வரிசையும் இல்லை. 2023 ஏப்ரலில் அந்த ரயில் வந்த நாளிலிருந்தே இந்தத் தடத்தில் விமானத்துக்கு உண்மையான போட்டி தண்டவாளத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு இந்தச் சேவை? சென்னையில் இறங்கி டெல்லிக்கோ குவாஹாட்டிக்கோ சிங்கப்பூருக்கோ தொடர்ந்து பறக்கிறவர்களுக்கு. அவர்களுக்கு இருக்கும் மாற்றுவழி பெங்களூரு. ஆனால் தேவனஹள்ளி விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. தொப்பூர் கணவாய், ஓசூர், சில்க் போர்டு, ஹெப்பால் என்று 220 கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். காலை விமானம் என்றால் முந்தைய நாள் நள்ளிரவே வண்டி எடுக்க வேண்டியிருக்கும். கோவை விமான நிலையம் 160 கிலோமீட்டரில் இருக்கிறது, சாலையும் நன்று. பலர் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. கமலாபுரத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கடைசி ஊரில் எடுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் சேலத்துக்கு இருக்கும் ஒரே வலுவான வாதம்.

அந்த வாதமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் எடுத்தால்தான் செல்லும். சேலம்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–டெல்லி வேறு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று எடுத்தால், முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அது தெரியாது. நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள், பணமும் போகும். ஒரே பிஎன்ஆர் என்றால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. கட்டாயம் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டுமென்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். வெளிநாடு என்றால் அதுவும் போதாது. கமலாபுரம் கவுன்ட்டரில் பெட்டிக்கு எந்த ஊர் வரை டேக் போடுகிறார்கள் என்று கேட்டு, சீட்டைப் பார்த்துவிட்டே நகருங்கள்.

விமானம் ஏடிஆர் 72. இண்டிகோவின் அமைப்பில் 78 இருக்கைகள், பக்கத்துக்கு இரண்டு. நடு இருக்கைத் தொல்லை கிடையாது. பயணிகள் ஏறுவது பின் கதவு வழியாக. சரக்கறையின் பெரும்பகுதி முன்பக்கம் இருக்கிறது. புரொப்பல்லர் முன் வரிசைகளுக்குப் பக்கத்தில் சுழல்வதால் சத்தம் அங்கேதான் அதிகம். காது நொந்துபோகும் என்றால் பின் பாதியில் உட்காருங்கள், இறங்குவதும் சீக்கிரம். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்க்கலாம். வடகிழக்கு நோக்கி, அதாவது 04 ஓடுபாதையில் புறப்பட்டால் சேர்வராயன் மலை வலப்பக்கம் வரும். தலைக்கு மேலுள்ள பெட்டிகள் சிறியவை. பெரிய விமானத்தில் நுழையும் டிராலி இதில் நுழையாது, படிக்கட்டருகே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, லேப்டாப், நகை இவற்றைத் தனிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

சித்திரை வெயிலில் ஏறியவுடன் உள்ளே வேகும். குறை ஊழியர்களிடம் இல்லை. ஏடிஆரில் தரையில் ஏசி ஓட்டுவதற்கான துணை எஞ்சின் கிடையாது. வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, அதிலிருந்தே மின்சாரமும் காற்றும் எடுக்கிறார்கள். கதவு திறந்திருக்கும் வரை குளிர்ச்சி உள்ளே தங்காது. புறப்பட்ட பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

ஏன் எப்போதும் ஏடிஆர்தான்? ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏர்பஸ் ஏ320 போன்றவை வழக்கமாக 45 மீட்டர் அகலப் பாதையில் இறங்குபவை, நீளமும் கூடுதலாகக் கேட்பவை. விரிவாக்கத்துக்குக் கமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஊர்களில் ஏறக்குறைய 570 ஏக்கர் கேட்டார்கள். விளைநிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் 2018-இலேயே எதிர்த்து நின்றார்கள். அது தீராதவரை இந்த ஊருக்குப் பெரிய விமானம் வராது. மேகம் தாழ்ந்திருக்கும்போது விமானியை ஓடுபாதைக்கு இறக்கிவிடும் ஐஎல்எஸ் கருவியும் இங்கே இல்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் பாதை கண்ணில் படாமல் விமானம் வேறு ஊருக்குத் திரும்புவது உண்டு. ஒரே விமானம் பல ஊர்களைத் தொட்டு வருவதால் காலையில் எங்கோ விழும் ஒரு மணி நேரத் தாமதம் மதியம் சேலத்துக்கு வந்து சேரும். அடுத்த நடை கிடையாது. ரத்தானால் மறுநாள்தான்.

இந்தச் சேவை நிலைக்குமா என்ற சந்தேகத்துக்கு வரலாறே காரணம். விமான நிலையம் திறந்தது 1993-இல். கிங்ஃபிஷர் 2009-இல் சென்னைக்கு ஓட்டி 2011-இல் நிறுத்தியது. சிறு ஊர்களுக்கு மலிவாக விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில் ட்ரூஜெட் 2018 மார்ச் 25-இல் தொடங்கி 2021-இல் நின்றது. அந்த நிறுவனமே பிறகு பறப்பதை விட்டுவிட்டது. 2023 அக்டோபர் 16-இல் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி தடத்தில் வந்தது, 29-இல் இண்டிகோ வந்தது.

ட்ரூஜெட் ஓடிய அந்த மூன்றாண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். உடானில் தடம் பெறும் நிறுவனம், இருக்கைகளில் பாதியை உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும். 78 இருக்கை விமானத்தில் அது 39. திட்டம் வந்தபோது சொன்ன விலை, ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய். அதனால் வரும் இழப்பை மத்திய நிதி 80 சதவீதமும் மாநிலம் 20 சதவீதமும் என்று பங்கிட்டு மூன்றாண்டு ஈடுகட்டுகின்றன. எரிபொருளுக்கு மாநில வரி 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. பாதுகாப்பும் தீயணைப்பும் மாநிலத்தின் செலவு. மூன்றாண்டு முடிந்ததும் ஈடு நின்றுவிடும், அப்போதுதான் தடத்தின் உண்மையான பலம் தெரியும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை நாடு முழுவதற்குமான எண்ணைத் தருகிறது. மூன்றாம் சுற்று வரை ஒப்படைத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் அந்த மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை வெறும் 54. சேலத்தில் 2023 அக்டோபரில் உடானில் தொடங்கிய எதற்கும் அதே கணக்கு 2026 அக்டோபரில் முடிகிறது.

போட்டி பற்றி ஒரு விதியைத் திட்டத்தின் ஐந்தாம் சுற்றில் சேர்த்தார்கள். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல் இருக்கைகள் நிரம்பினால், அந்தத் தடத்தில் ஒரு நிறுவனம் மட்டுமே ஓட்டலாம் என்ற தனியுரிமை போய்விடும், மற்றவரும் ஓட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிக் குறுகிய பாதையில் இறங்கக்கூடிய ஏடிஆரைப் பெரிய எண்ணிக்கையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே வர ஆள் வேண்டுமே.

ரத்தானால் கிடைக்கும் இழப்பீட்டை நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள். விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதிப்படி ஒரு மணி நேரம் வரையான பறப்புக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500 என்பார்கள். ஆனால் அந்தத் தொகை, அல்லது நீங்கள் கொடுத்த அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். 1,800 ரூபாய்க்கு மலிவாக எடுத்தவருக்கு 1,800-க்கு மேல் கிடைக்காது. மேகம், மழை போன்ற காரணம் என்றால் அதுவும் இல்லை. இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டாலும் இல்லை. ஆனால் காரணம் எதுவானாலும் முழுப் பணமோ மாற்று விமானமோ கேட்பது உங்கள் உரிமை, பணத்தை அடுத்த பயணத்துக்காக ‘கிரெடிட் ஷெல்’லில் வைத்துக்கொள்கிறோம் என்றால் மறுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். நிறுவனம் அசையாவிட்டால் அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் பிஎன்ஆரோடு புகார் பதிவு செய்யுங்கள்.

ஏற்காட்டில் தங்கிவிட்டு நேராக விமானம் பிடிப்பவர்களுக்கு: 20 கொண்டை ஊசி வளைவுகளோடு அடிவாரம் சேர்ந்து, கோரிமேடு வழியாக நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். தூரம் 50 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் வையுங்கள். மே மாதக் கோடை விழா வாரம் என்றால் மூன்று.

கடைசியாக, நேர அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சேலத்தில் 2018-இல் ட்ரூஜெட்டும் 2023-இல் இண்டிகோவும் சேவை தொடங்கியது அந்த ஞாயிறுகளில்தான், நேரம் மாறுவதும் நாள் குறைவதும் அதே தேதிகளில்தான் நடக்கும். அந்த எல்லையைத் தாண்டிய தேதிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள், புது அட்டவணை வந்ததும் விமான எண்ணைப் போட்டு நேரத்தை மீண்டும் பாருங்கள். நிறுவனம் நேரத்தை மாற்றியதால் இணைப்பு விமானம் தவறும் நிலை வந்தால் கட்டணமில்லாமல் மாற்றித் தரக் கேளுங்கள். அதைப் புறப்படும் நாளில் கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை, மின்னஞ்சல் வந்த அன்றே கேட்க வேண்டும்.