ஜீவனாம்சப் பாக்கி: வாரண்டா, சம்பள ஜப்தியா?

குடும்ப நீதிமன்றத்தில் மாதம் 9,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு ஆனது. நான்கு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அதை வசூலிக்க வாரண்ட் மனுவும் போட்டேன், சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரச் சொல்லும் சம்பள ஜப்தி மனுவும் போட்டேன். பணம் கட்ட வேண்டிய எதிர்மனுதாரர் மாதச் சம்பளக்காரர் என்றால் தயங்காமல் சம்பள ஜப்திக்கே போங்கள்.

வாரண்ட் வழி பலருக்கும் தெரிந்ததுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144-ஆம் பிரிவு. கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை, சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது. ஆனால் தொகை நிலுவையான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 15 மாதம் பொறுத்திருந்ததில் முதல் 3 மாதத்துக்கான 27,000 ரூபாயை அந்த மனுவில் கேட்கவே முடியவில்லை, இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பிடிவாரண்ட் போனதும் ஆள் வந்தார். கோர்ட் வராந்தாவில் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாய்த் தாள்களாக 20,000 எடுத்து என் வக்கீலிடம் எண்ணிக் கொடுத்தார், மீதிக்கு அவகாசம் கேட்டார், வாரண்ட் ரத்தானது. அடுத்த வாய்தாவுக்கு ஆளைக் காணோம். மறுபடி மனு, மறுபடி காவல் நிலையத்தில் போய் நிற்பது, ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு.

மாதாமாதம் யார் அலைவது என்பதுதான் இதில் எல்லாமே. வாரண்டில் நாம் அலைகிறோம். சம்பள ஜப்தியில் ஒருமுறை அலைந்தால் போதும், அப்புறம் அவருடைய அலுவலகமே பிடித்து அனுப்புகிறது. ஜீவனாம்ச உத்தரவை, பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரணக் கடன் என்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது, ஜீவனாம்சத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மற்ற இரண்டு பங்குவரை ஜப்தி செய்யலாம். ஜப்தி உத்தரவு நிறுவனத்தின் கைக்கு வந்தபிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு, அதனால் கணக்குப் பிரிவில் யாரும் அவருக்காக வளைந்துகொடுப்பதில்லை.

எனக்கு ஜப்தி உத்தரவு கிடைக்க 7 மாதம் ஆனது, அது உண்மைதான். வேலை செய்யும் இடத்தைத் தேடி அலையாதீர்கள், அவர் தாக்கல் செய்த சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்திலேயே இருக்கும், அதற்குச் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். பணத்தை நேரே உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் அது கோர்ட்டில் போய் உட்காரும், அதை எடுக்க இன்னொரு மனு போட வேண்டியிருக்கும்.

சொந்தத் தொழில், ரொக்க வரவு என்றால் இதெல்லாம் எடுபடாது, அங்கே வாரண்டோ சொத்து ஜப்தியோதான் சரி என்று நினைக்கிறேன், நான் அந்தப் பக்கம் போனதில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்றால் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டும், மாதச் செலவுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

அவர் வேலை மாறினால் புது அலுவலகத்தின் பெயரில் மறுபடி ஜப்தி கேட்க வேண்டும். அதனால்தான் பழைய பாக்கிக்குப் போட்ட வாரண்ட் மனுவை இன்னும் வாபஸ் வாங்காமல் வைத்திருக்கிறேன்.