சொதி அருமை, ஆனால் கீழ்த்தளத்தில் உட்காருங்கள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் இந்தச் சைவ உணவகத்துக்கு ஞாயிறு மதியம் போனால் சொதிக்காகத்தான் போக வேண்டும். தேங்காய்ப்பால் திரியாமல், பாசிப்பருப்பு கரைந்து, முருங்கைக்காய் வெந்தும் குலையாமல் இருக்கிறது. கூடவே காரமான இஞ்சிப் பச்சடி. மறுவீட்டுப் பந்தியில் சாப்பிட்ட சொதிக்கு அரை மாற்றுதான் குறைவு. சாப்பாடு 160 ரூபாய்.

குறை சமையலில் இல்லை, மாடியில் இருக்கிறது.

கீழே பரிமாறுபவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தலைமைச் சமையல்காரரான சரக்கு மாஸ்டரை அவர்கள் அழைப்பது "அண்ணாச்சி". தங்களுக்குள் "வே". கிளீனர் பையனுக்கு "ஏலே". ஹாலின் நடுவில் நின்றபடியே "அண்ணாச்சி, மூன்றாம் மேசைக்குச் சொதி" என்று ஒரு குரல் கொடுத்தால் வாளி வந்துவிடுகிறது.

மாடி ஏசி ஹாலில் இருபது வயதுப் பையன்கள். அசாமிலிருந்து வந்தவரானாலும் அம்பாசமுத்திரத்துக்காரரானாலும் அவர்களுக்குள் "ப்ரோ"தான். வயதும் ஊரும் விசாரிக்காத அந்த அழைப்பு எனக்குப் பிடித்தே இருந்தது. மாஸ்டரிடம்தான் அது செல்லுபடியாகவில்லை. ஒருவர் பழக்க தோஷத்தில் படியில் நின்று "ப்ரோ, சொதி" என்று குரல் கொடுத்தார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. சொதி வரவில்லை.

ஊழியர்கள் ஒருவரையொருவர் "சார்" என்றே அழைக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவாம். "சார்" என்று கூப்பிட்டால் சாப்பிடுகிறவர்களில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், மாஸ்டர் திரும்புவதில்லை. ஆகவே பையன்கள் எதுவும் கூப்பிடாமல் படியிறங்கி, அடுக்களை வாசலில் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கிறார்கள். மேலே நமக்கு இலை காய்கிறது. இதற்கு ஏசிக் கட்டணம் 20 ரூபாய் வேறு!

பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா வயதுள்ள மேலாளரை அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம், அதுவும் ஆங்கிலத்தில் பேசும்வரைக்கும்தான். தமிழுக்கு மாறியதும் வாய் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு "சொல்லுங்கள்" என்று தொடங்கிவிடும். என்னோடு வேலை பார்க்கும் திருச்சிக்காரர் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று பெயருக்குப் பின்னால் "ஜி" சேர்த்துக்கொள்கிறார்.

மாடியில்தான் உட்கார வேண்டுமென்றால் ஜன்னலோர மேசைகளைப் பிடியுங்கள். அங்கே பரிமாறும் தம்பி மாஸ்டரைப் "பெரியப்பா" என்று அழைக்கிறார். உறவெல்லாம் கிடையாதாம். அவர் மேசைக்கு மட்டும் அப்பளம்கூடச் சூடாக வருகிறது.

கார் நிறுத்த இடமில்லை. இரண்டு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் சாம்பார்தான் கிடைக்கும்.