ஏற்காட்டுக்கு இரண்டு நாள், காசிக்குப் பத்து நாள்: மாதவிலக்குத் தேதியைத் தள்ளிப்போட எது சரி?

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் போதும், சேலத்தில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு அந்தக் கேள்வி தினமும் வந்துவிடும். பக்கத்தில் ஆம்பளை யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாப்பா, அந்தத் தள்ளிப்போற மாத்திரை ஒரு அட்டை குடு." கேட்பவர் பெரும்பாலும் மாமியார். விழுங்கப்போவது மருமகள். கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாள், பி.பி. உண்டா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குக் கண்ணு, எல்லாரும் போடறதுதானே" என்பார். எல்லோரும் போடுவது உண்மைதான். எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

அவர்கள் கேட்கும் மாத்திரை நோரெதிஸ்டெரோன், 5 மில்லிகிராம். பிரிமோலூட்-என், ரெஜெஸ்ட்ரோன் என்று அட்டையில் பெயர் மாறும், உள்ளே இருப்பது ஒன்றே. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. கருப்பையின் உள்பூச்சு உதிராமல் பிடித்து வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். அதன் அளவு இறங்கும்போது பூச்சு உதிர்கிறது, அதுதான் மாதவிலக்கு. மாத்திரை அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்து, பூச்சை உதிர விடாமல் வைக்கிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

வழக்கமாக எழுதுவது ஒரு நாளைக்கு மூன்று, தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். 20-ம் தேதி வரவேண்டியது, பயணம் 19 முதல் 23 வரை என்றால், 17-ம் தேதி காலை தொடங்கி 23 இரவோடு நிறுத்தலாம். ஏழு நாள், 21 மாத்திரை. 25, 26 வாக்கில் வீட்டில் இருக்கும்போது வரும். "லேசாப் பட ஆரம்பிச்சிடுச்சு, இப்பப் போட்டா நின்னுடுமா?" என்று பஸ் ஏறும் முன் ஓடி வருகிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நாள் தாண்டிவிட்டது. தேதி மாறி மாறி வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதைக்கும்.

இனி மருமகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் காரணம். நோரெதிஸ்டெரோனில் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்தவர், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருகிறவர், கல்லீரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் இதைக் கையால் தொடக் கூடாது. பி.பி., அதிக எடை, பால் கொடுப்பது, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். உறைதல் பயம் இருப்பவருக்கு, ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனை மருத்துவர் யோசிக்கலாம். வராத பீரியட்ஸை வர வைக்கக் கொடுப்பதும் அதே மாத்திரைதான்! போடும்வரை தடுக்கும், நிறுத்தினால் வரும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வகை ஹார்மோன் மாத்திரைகளின் வேலை குறைந்துபோகும்.

புதுமணத் தம்பதிகளுக்குத் தனியாக ஒன்று: இந்த அளவில், இத்தனை நாள் போடுவதைக் கருத்தடை என்று நம்பக் கூடாது.

இரண்டாவது வழி, ஏற்கெனவே கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. முதல் 21-ல் ஹார்மோன், கடைசி 7-ல் இரும்புச்சத்து மட்டும். அந்த இரும்புச்சத்து நாட்களில்தான் பீரியட்ஸ் வருகிறது. அந்த ஏழை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் முதல் மாத்திரைக்கு நேராகப் போனால் தள்ளிப்போகும். புது மருந்து இல்லை, புதுக் கணக்கும் இல்லை. என்னைக் கேட்டால், ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு நோரெதிஸ்டெரோன் அட்டை வாங்குவது வீண். ஆனால் ஊருக்குப் போகும் வாரத்தில் புதிதாக மாலா தொடங்கிச் சமாளிக்க முடியாது, இடையிடையே படும். இதிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு; மேலே சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் பொருந்தும். புகைபிடிக்கும் 35 வயது தாண்டியவருக்கு இது ஆகாது.

அவசரக் கருத்தடைக்குப் போடும் ஐ-பில்லைக் கேட்டும் வருகிறார்கள். அது இதற்கானது அல்ல. போட்டால் தேதி முன்னும் பின்னும் குழம்பும். வெறும் வயிற்றில் பொட்டுக்கடலை தின்றால் தள்ளிப்போகுமா? பசிதான் அடங்கும்.

மூன்றாவது வழி, தள்ளிப்போடாமலே கிளம்புவது. சனிக்கிழமை ஏறி ஞாயிறு இறங்கும் ஏற்காட்டுக்கு ஒரு வாரம் ஹார்மோன் சாப்பிடுவது எனக்குக் கணக்கில் உதைக்கிறது. மாத்திரையால் வயிறு உப்புசம், மார்பு வலி, குமட்டல் வரலாம். 20 கொண்டை ஊசி வளைவு வேறு இருக்கிறது, அதற்குத் தனியாகக் குமட்டல் வேண்டுமா? நாப்கின் அல்லது மென்ஸ்ட்ருவல் கப் போதும். கப் 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். ஆனால் முதல்முறையைப் பயணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், முந்தைய மாதம் வீட்டில் பழகுங்கள். போக்கு அதிகம் என்றால் டிரானெக்ஸாமிக் மாத்திரை இருக்கிறது. அது அளவைக் குறைக்கும், தேதியைத் தள்ளாது. ஹார்மோன் மாத்திரையோடு அதைத் தானாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டும் உறைதல் பக்கமே இழுக்கும்.

காசிக்குப் பத்து நாள், ரயிலில் இரண்டு இரவு, கங்கையில் முழுக்கு என்று கிளம்புகிறவர் கேட்டால் நானும் மாத்திரைப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் சீட்டோடு வரச் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் அவராகக் கூட்டிக்கொள்ளாமல் மறுபடியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரயிலில் அடிக்கடி எழுந்து நடக்கணும், தண்ணீர் குடிக்கணும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, அல்லது திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும், சேலம் திரும்பும்வரை பொறுக்கக் கூடாது. ஊர் திரும்பி, மாத்திரை நிறுத்தி ஒரு வாரமாகியும் வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை.

போன ஆடியில் அட்டை கேட்ட அந்த மாமியாரை, "மருமகளையே ஒரு எட்டு வரச் சொல்லுங்கம்மா" என்று அனுப்பினேன். சாயங்காலம் மருமகள் வந்தாள். கைக்குழந்தைக்கு நாலு மாதம். "அத்தை கூழு ஊத்துறப்போ நான் கூட நிக்கணுமாம், அதான்" என்றாள். சீட்டுக்கு டாக்டரிடம் அனுப்பினேன். மறுநாள் வந்து நாப்கின் ஒரு பாக்கெட் வாங்கிப் போனாள்.