"வேகமா முடிங்க, கடைசி பில்லில் பார்த்துக்கலாம்" என்றால் நம்பாதீர்கள்

சப்-காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்களை வாயால் வேலை வாங்கிவிட்டு, பணம் என்று வந்ததும் கைவிரித்துவிட்டார்கள்.

எங்களுடையது சென்டரிங், கம்பி, கான்கிரீட் வேலை. மெயின் காண்ட்ராக்டர் டிராயிங் கொடுத்ததே தாமதம். கொடுத்த பிறகும் பீம் கம்பியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். கால நீட்டிப்பு கேட்டு எழுதினோம். தேதி மாறாது, தாமதமானால் அபராதம் என்று பதில் வந்தது. அப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜர் சைட்டுக்கே வந்து, "நைட் ஷிஃப்ட் போடுங்க, இன்னொரு செட் ஷட்டரிங் இறக்குங்க, செலவை நாங்க தர்றோம்" என்றார். செய்தோம். ராத்திரிக் கூலி, ஜெனரேட்டர் டீசல், ஷட்டரிங் வாடகை எல்லாம் எங்கள் கைக்காசு.

கடைசி பில்லைக் கொடுத்தபோது சொன்னது: "உங்க தாமதத்தை நீங்களே ஈடுகட்டினீங்க. அதுக்கு நாங்க எதுக்குத் தரணும்?"

இந்த வாதத்துக்கு அவர்கள் காட்டுவது, ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு 1999-ல் வெளியிட்ட சிவப்புப் புத்தகம் என்னும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தத்தின் 8.6-ஆம் பிரிவு போன்ற ஒன்றை. வேலை பின்தங்கினால் வேகப்படுத்தும் செலவு காண்ட்ராக்டருடையது என்கிறது அது. ஆனால் 8.4-ன்படி கால நீட்டிப்புக்கு உரிய காரணங்களால் வந்த தாமதத்துக்கு அது பொருந்தாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதோடு 20.1-ல் 28 நாள் கெடு உண்டு. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அதற்குள் நோட்டீஸ் தராவிட்டால் நேரமும் போச்சு, பணமும் போச்சு. உங்கள் ஒப்பந்தத்தில் இந்தக் கெடு எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள்.

நியாயமான நீட்டிப்பை மறுத்துவிட்டு விரட்டி வேலை வாங்கினால், அதையே வேகப்படுத்தும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கச் சட்டத்தில் நன்றாக ஊன்றியிருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் அவ்வளவு சுலபமில்லை. எங்கே என்றாலும் நீட்டிப்பு கேட்டது, மறுத்தது, விரட்டியது, அதனால் ஆன செலவு ஆகிய நான்குக்கும் காகிதம் வேண்டும்.

அதனால் வாய்மொழி உத்தரவு வந்த அன்றே, "நீங்கள் சொன்னபடி நைட் ஷிஃப்ட் தொடங்குகிறோம், நீட்டிப்புக் கோரிக்கையைக் கைவிடவில்லை, கூடுதல் செலவு உங்களுடையது" என்று மெயில் அனுப்பிவிடுங்கள். ராத்திரி ஆட்களின் மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, தனியாக வையுங்கள். எங்கள் ஆட்கள் ராத்திரி உள்ளே போனது அவர்களுடைய கேட் ரிஜிஸ்டரிலேயே பதிவாகியிருக்கிறது. அதன் நகலை வைத்துத்தான் இப்போது நடுவர் மன்றத்துக்குப் போகிறோம்.