லினசோலிட் 600 மி.கி.: 28 மாத்திரைகள்

முழங்கால் அறுவைக்குப் பிறகு தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தது. கல்ச்சர் அறிக்கையில் எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா) என்று எழுதி, கீழே மருந்துகளின் பெயருக்கு எதிரே வரிசையாக ஆர், ஆர், ஆர். கிருமி அவற்றுக்கு மசியாது என்று பொருள். வான்கோமைசினுக்கும் லினசோலிடுக்கும் மட்டும் எஸ், அதாவது மசியும். வான்கோமைசின் என்றால் ட்ரிப்ஸும் கட்டிலுமாகக் கிடக்க வேண்டும். லினசோலிடை விழுங்கினாலே ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்றார் மருத்துவர். அவர் முடிப்பதற்குள் மனத்தளவில் பையைக் கட்டிவிட்டேன்.

நான் கரிம வேதியியல் கற்பிப்பவன். அதனால் வெள்ளை மாத்திரையைப் பார்த்த கண்ணே வேறு. பென்சிலினைப் போலப் பூஞ்சை தந்த பொருள் அல்ல இது. முழுக்க ஆய்வகத்தில் கட்டியது. இந்த ஆக்ஸசோலிடினோன் வகையை 1980களில் டுபான்ட் நிறுவனம் ஆராய்ந்து, நச்சுத்தன்மைக்கு அஞ்சிக் கைவிட்டது. அப்ஜான் நிறுவனத்து வேதியியலாளர்கள் அதை மறுபடி எடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய மூலக்கூறில் ஒரு மார்ஃபோலின் வளையம், ஒரே ஒரு ஃபுளோரின் அணு. 2000இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. பல மருந்துகள் பாக்டீரியா புரதம் கட்டும்போது இடையில் புகுந்து கெடுக்கும். இதுவோ புரதம் கட்டும் கருவியான ரைபோசோமின் இரு பாதிகள் கூடி வேலையைத் தொடங்கவே விடாது. முளையிலேயே கிள்ளுவது என்பார்களே, அதுதான்.

செவிலியர் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு விரற்கடை அளவு என் சொந்தத் தோல் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. நாள் முழுக்க வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவை. வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் வாய்ப்பு கூடுகிறது. எனக்குப் பதினான்காம் நாளே 2,30,000 என்பது 1,38,000 ஆகியிருந்தது. நிறுத்திய பின் ஏறிவிட்டது. மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்குப் பார்வை நரம்பே பாதிக்கப்படலாம். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு இது சேரக் கூடாது. செரோட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவு மீறி ஆபத்தாகிவிடும். மருந்துக் கடையில் அப்படி ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. எச்சரிக்கை பொடி எழுத்தில் உள்தாளில் இருக்கிறது, உருப்பெருக்கி வைத்திருப்பவர்களுக்காக.

கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற வேறு வகை பாக்டீரியாக்களிடம் இது செல்லாது. உள்ளே நுழைந்த மருந்தை அவை வெளியே இறைத்துவிடும். என் கிருமியை அடக்கியதற்கு இந்த மருந்துக்கு ஐந்துக்கு நான்கரை தருவேன். அரை மதிப்பெண் குறைத்தது அந்த இரும்புச் சுவைக்காக.

பத்துப் பத்தாக மூன்று அட்டை வாங்கியதில் இரண்டு மாத்திரை மிஞ்சியது. தொண்டை வலி என்று சக ஆசிரியர் ஒருவர் அவற்றைக் கேட்டார். சந்தைக்கு வந்த மறு ஆண்டே, 2001இல், இதற்கும் மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஒரு நோயாளியிடம் தென்பட்ட கதையைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார்.