வேரைக் காட்டாமல் வைத்தியம் பார்ப்பவரிடம் செடியைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டுக்குள் வளர்த்த, வெள்ளைப் பூ பூக்கும் என் பீஸ் லில்லிச் செடியைப் பிழைக்க வைத்துத் தருகிறேன் என்று எடுத்துப்போனவர் 11 நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது அது அப்படி மின்னியது. இலையில் முகம் பார்க்கலாம். அடுத்த ஆறாவது நாள் மொத்தச் செடியும் தொட்டி விளிம்பில் படுத்துவிட்டது. நடந்ததை எழுதிவைக்கிறேன். வேறு யாராவது இதே போலச் செடியைத் தூக்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

முதல் தப்பு என்னுடையதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஓட்டை இல்லாத அலங்காரத் தொட்டிக்குள் செடியை வைத்து, இலை துவளும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். பீஸ் லில்லி தாகம் எடுத்தாலும் துவளும், வேர் அழுகினாலும் துவளும். மேலே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்திருக்கும். மண் சொதசொதவென்று இருந்தும் செடி துவண்டால், அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அதை உறிஞ்ச வேர் இல்லை என்று அர்த்தம். வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்கெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். பித்தியம் மாதிரியான கிருமிகளுக்கு அந்த ஈரம்தான் கொண்டாட்டம்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பயந்துபோய், வீட்டுச் செடிகளுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லும் ஒருவரைக் கூப்பிட்டேன். தொட்டி, மண், டானிக் எல்லாம் அவரே விற்கிறவர். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். செடியை ஒரு பார்வை பார்த்தார், மண்ணைத் தொடவே இல்லை. "வேர் வீக்கா இருக்கு மேடம். அழுகினதை எல்லாம் வெட்டி, புது மண் போட்டு, மருந்து குடுத்தா சரியாயிடும்" என்றார். நடுவில் ஒருநாள், வெட்டிச் சுத்தம் செய்த வெள்ளை வேர்களின் படம் ஒன்றை அனுப்பினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திரும்பி வந்த செடி முன்பைவிட இரண்டு மடங்கு பெரிய பீங்கான் தொட்டியில் இருந்தது. அதற்கும் அடியில் ஓட்டை இல்லை. கேட்டால், "அடியில கூழாங்கல் போட்டிருக்கேன், தண்ணி கீழே இறங்கிடும்" என்றார். வாரம் ஒருமுறை ஊற்றச் சொல்லி ஒரு டானிக் பாட்டில். மொத்தம் அவர் வாங்கிய பணத்துக்கு இதே செடி புதிதாக மூன்று வாங்கியிருக்கலாம்.

படுத்த அன்று ராத்திரி தரையில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். முதலில் வந்தது நாற்றம், அடைத்த சாக்கடையைத் திறந்தது போல. புது மண் தனியாக உதிர்ந்து விழ, நடுவில் பழைய மண்கட்டி தொட்டியின் வடிவம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. அதற்குள்ளே, செடி சின்னதாக இருந்தபோது நாற்றங்காலில் சுற்றியிருந்த வலைத்துணி! அதைக்கூட அவர் கழற்றவில்லை. ஒரு வேரைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பழுப்பாக, கொழகொழவென்று மேல்தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிட்டது. மிஞ்சியது தையல் நூல் மாதிரி ஓர் இழை. நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும், இழுத்தால் இப்படி உரியாது. கத்திரி பட்ட வேர் ஒன்றுகூட அந்தக் கட்டியில் இல்லை. எனக்கு அனுப்பியது ஏதோ வேறு செடியின் படம்.

சரி, வெட்டவில்லை, அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. செய்த மற்றதெல்லாம் செடியை இன்னும் வேகமாகக் கொன்றது. கூழாங்கல் சமாச்சாரம் பலரும் நம்புவது, நானும் நம்பினேன். நனைந்த பஞ்சைக் கல் மேல் வைத்துப் பாருங்கள், பஞ்சிலிருக்கும் ஈரம் கல்லுக்கு இறங்காது. மண்ணும் அப்படித்தான். தாங்க முடியாத அளவுக்கு ஊறிய பிறகுதான் மிச்சத்தைக் கீழே விடும். ஆக, கல்லைப் போட்டால் சேறு வேருக்கு இன்னும் கிட்டே ஏறி வருகிறது, அவ்வளவுதான். பெரிய தொட்டியிலும் இதே கதை. வேர் எட்டாத அவ்வளவு மண்ணும் காயாமல் கிடக்கும்.

டானிக் பாட்டிலை அன்றைக்குத்தான் திருப்பிப் படித்தேன். உரமும் வைட்டமின் பி1-உம். காயம்பட்ட வேருக்கு உரம் ஊற்றினால், உரத்தில் இருக்கும் உப்பு வேரில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். வைட்டமின் கதை இன்னும் சுவாரசியம். 1930களில் ஜேம்ஸ் போனர் என்ற தாவர ஆராய்ச்சியாளர், செடியிலிருந்து வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த வேர் நுனிகளுக்கு பி1 தேவைப்படுவதைக் கண்டார். குடுவையில் இருந்த வேருக்கு இலை கிடையாது. முழுச் செடி தனக்கு வேண்டிய பி1-ஐ இலையிலேயே தயாரித்து வேருக்கு அனுப்பிக்கொள்ளும். அந்தச் சோதனையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பாட்டில் விற்கிறார்கள்.

மின்னிய இலை? ஏதோ எண்ணெய் ஸ்பிரே. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்ற வேலைக்கு அது.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். குழாயடியில் மண் முழுக்கக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கத்திரியால் வெள்ளை தெரியும்வரை வெட்டினேன். கையுறை போடாததால் கை அரித்தது. இந்தச் செடியின் சாற்றில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அடியிலிருந்து பிரிந்த ஏழு கன்றுகளில் ஐந்துக்கு அடித்தண்டே அமுங்கியது, தூக்கிப் போட்டேன். மிச்சம் இரண்டிலும் விரல் நீளத்துக்கு நாலைந்து வேர். வேர்க்கொத்தைவிடக் கொஞ்சமே பெரிய, அடியில் ஓட்டையுள்ள தனித்தனிப் பிளாஸ்டிக் தொட்டிகளில் தேங்காய் நார்த்தூள், பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல், மரப்பட்டைத் துண்டு கலந்து நட்டேன். பூத்தண்டை வெட்டிவிட்டு, நல்ல இலைகளை விட்டுவைத்தேன். புது வேருக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் வர வேண்டும். மேலே தளர்வாக ஒரு பிளாஸ்டிக் உறை, வெளிச்சமுள்ள ஆனால் நேர் வெயில் படாத இடம். உரம் கிடையாது. மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர்.

அவரை அழைத்துக் கேட்டேன். "தொட்டிக்குத்தான் மேடம் கேரண்டி, உயிருக்கு எப்படித் தர முடியும்?" என்றார். படத்தைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்டானது. பணம் திரும்பி வரவில்லை.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் கண் முன்னால் தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே நிமிட வேலை. அதற்கு மழுப்புகிறவரிடம் செடியை விடாதீர்கள். வேரைப் பார்க்கும் முன்பே தொட்டி விலை சொல்கிறவரிடம் வாசலோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கன்றுகளில் ஒன்று மூன்றாவது வாரமே போய்விட்டது. இன்னொன்றில் ஐந்தாவது வாரம் சுருட்டிய இலை ஒன்று எட்டிப்பார்த்தது. இன்று காலை பாதி விரிந்திருக்கிறது, நுனி மட்டும் கொஞ்சம் கருகல்.